முன்னச்சு மூட்டும் சாரதியின் கையும்

கோயில் தேரின் வடம் பிடித்தவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். தேரை நேரே இழுப்பது எளிது; திருப்புவதே அரிது. நூற்றுக்கணக்கானோர் வடம் பற்றி இழுத்தாலும், வீதி மூலையில் தேரைத் திருப்புபவர் முட்டுக்கட்டையோடு சில்லருகே நிற்கும் சிலரே ஆவர். தேரின் அச்சு அசையாது. சில்லு அச்சிலே சுழலுமேயன்றி இடமும் வலமும் திரும்பாது. சாதாரண லொறியில் இச்சிக்கல் இலகுவாகத் தீர்ந்தது. பின்சில்லுகள் தள்ளும், முன்சில்லுகள் திரும்பும். வேலை இரண்டு, அச்சும் இரண்டு. ஆனால் நான்கு சில்லுகளுக்கும் இயந்திர வலு செல்லும் வண்டியிலோ முன்சில்லு ஒரே வேளையில் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். அவ்விரு வேலைகளும் வந்து சந்திக்கும் இடம் முன்னச்சின் நுனியிலுள்ள மூட்டு. அங்கே நிகழ்வது எதுவாயினும் அது சாரதியின் கையிற் பிடித்த வளையத்திலே வந்து தெரியும்.

விழா மலர் ஒன்றில் இத்தகைய பொருளைப் பற்றி எழுதுதல் பொருந்துமோ என்று நாம் சிறிது தயங்கினோம். எனினும் எமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் நீர்ப்பாசனம், வீதி, விவசாயம், மருத்துவம், கடற்றொழில் ஆகிய துறைகளிற் பணிபுரிந்து இவ்வண்டிகளிலே காடும் கரையும் சென்று வருபவர்கள். இன்று கல்வி பயிலும் மாணவரோ கோசைன் என்பதைப் பரீட்சைத்தாளில் மட்டும் கண்டவர்கள். இவ்விரு சாராரையும் ஒருங்கே நோக்கி எழுதுவதற்கு இதனினும் நல்ல பொருள் எமக்குக் கிடைக்கவில்லை.

எமது எண்ணத்தில் நிற்கும் களம் கொண்டச்சி. மன்னாரிலிருந்து தெற்கே கடலோரமாகச் செல்பவர் அரிப்பு, சிலாவத்துறை ஆகிய ஊர்களைக் கடந்து மறிச்சுக்கட்டியை அடையுமுன் கொண்டச்சியைக் காண்பர். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் இக்குடாவின் பெயர் கடல் கடந்தும் வழங்கியது. 1803ஆம் ஆண்டில் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட றொபேட் பேர்சிவல், முத்துக்குளிப்புக் காலத்தில் இவ்வெறுங்கரை பெருஞ்சந்தையாக மாறியதை வியந்து எழுதினார். ஆளுநர் பிரெடெரிக் நோர்த் அரிப்பிலே கட்டுவித்த மாளிகையின் இடிபாடு இன்றும் கடலை நோக்கி நிற்கின்றது. பிற்காலத்தில் கொண்டச்சியின் பெயர் மரமுந்திரிகைத் தோட்டத்தோடு இணைந்தது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது முசலிப் பகுதி ஊர்கள் வெறுமையாயின; 2009இல் போர் ஓய்ந்த பின்னர் மக்கள் திரும்பியபோது பல பாதைகளைப் பற்றை மூடியிருந்தது. பிரதான வீதி இப்போது தார் வீதியே. ஆயினும் வீதியை விட்டு வாடிக்கோ வயலுக்கோ திரும்பும் வண்டி மணலிலும் கிரவலிலும், மாரியானால் சேற்றிலும் இறங்கியே தீரவேண்டும். தார், மணல், உப்புநீர் ஆகிய மூன்றையும் ஒரே நாளிற் காணும் முன்னச்சுக்கு இதனினும் கடிய சோதனைக்களம் வேறு வேண்டியதில்லை.

ஊக்கின் மூட்டு

முன்னச்சின் நடுவே பற்சக்கரக் குடம் இருக்கிறது. அதிலிருந்து இருபுறமும் அச்சுத்தண்டு சென்று சில்லைச் சுழற்றுகிறது. சில்லு திரும்பும்போது தண்டும் அவ்விடத்தில் மடங்கவேண்டும். மடங்கிய நிலையிலும் சுழற்சி அறாது செல்லவேண்டும். இதற்குப் பழமையான விடை, சிலுவை வடிவான துண்டு ஒன்றை இரு கவைகளுக்கிடையே கோத்த மூட்டாகும். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கில விஞ்ஞானி றொபேட் ஊக் இதனை ஆராய்ந்து பயன்படுத்தியமையால் அவர் பெயரால் வழங்குகிறது. கராஜிலே இதனை 'யூ ஜொயின்ற்' என்பர்.

இம்மூட்டு வலிமையானது, மலிவானது, பழுதுபட்டால் சிற்றூரிலும் மாற்றத்தக்கது. ஆனால் இதனிடம் ஓர் இயற்கைக் குணம் உண்டு. மடங்கிய நிலையில் உள்தண்டு சீராகச் சுழன்றாலும் வெளித்தண்டு சீராகச் சுழலாது. ஒரு சுற்றுக்குள் இரு முறை விரையும், இரு முறை தாமதிக்கும். மடங்கிய கோணத்தின் கோசைன் எவ்வளவோ அவ்வளவு விகிதத்துக்கு வேகம் தாழும். அதன் தலைகீழ் விகிதத்துக்கு உயரும். கோணம் 10 பாகையாயின் ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய நூற்றுக்கு 1.5 மட்டுமே, கை அதனை உணராது. 20 பாகையாயின் நூற்றுக்கு 6 அளவு ஆகும். 30 பாகையிலோ வேகம் நூற்றுக்கு 13 தாழ்ந்து 15 உயரும். கோணம் மும்மடங்காகக் குறை ஒன்பது மடங்கு ஆவதைக் கவனிக்க.

இதனைச் சாரதி எவ்வாறு அறிவான்? மணலில் நான்கு சில்லு இழுவையை இணைத்து, வளையத்தை முற்றாக ஒடித்து, மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஊர்கிறான் எனக் கொள்வோம். ரயரின் சுற்றளவு 2.4 மீற்றர் ஆயின் சில்லு நொடிக்கு ஒரு சுற்றுக்குச் சற்று மேலாகச் சுழலும். எனவே நொடிக்கு இரண்டு தடவைக்கு மேல் சில்லிலிருந்து ஒரு துடிப்பு எழும். இடச்சில்லின் துடிப்பும் வலச்சில்லின் துடிப்பும் ஒரே கணத்தில் நிகழ்வதில்லை. ஆகவே அவற்றின் வேறுபாடு இணைப்புக்கோலின் வழியாகச் சென்று வளையத்தை மெல்ல இழுத்து விடுகிறது. நாடி பார்ப்பதுபோல் அது கையிலே தெரியும். இது நோயன்று, அம்மூட்டின் இயல்பு. பின்சில்லு இழுவையில் மட்டும் ஓடும்போது இத்துடிப்பு மறைந்துபோவதும் இயல்பே. அப்போது முன்சில்லு தரையிலே சீராக உருளும். தண்டே உள்ளே ஏறித் தாழ்ந்து சுழலும். தண்டிற் பாரம் இல்லாமையால் கைக்கு ஒன்றும் எட்டாது.

சமவேக மூட்டு

இக்குறையை நீக்க முயன்றவர்கள் ஒரு நுட்பத்தைக் கண்டனர். இரு தண்டுகளும் ஒன்றையொன்று தொடும் புள்ளிகள் எப்போதும் அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே நிற்குமாயின், இரு தண்டுகளும் எக்கணமும் ஒரே வேகத்திற் சுழலும். கண்ணாடிமுன் நிற்பவனும் அவன் சாயலும் கண்ணாடிப் பரப்பிலே விரல் வைத்ததுபோல இதனை எண்ணிக்கொள்ளலாம். ஒருபுறம் எத்துணை அசைந்தாலும் மறுபுறம் அத்துணையே அசையும்.

இத்தத்துவத்தில் இரு வழிகள் 1920களில் உருவாயின. பிரான்சு நாட்டில் ஜோன் அல்பேட் கிறெகுவாரும் பியர் பெனாயும் 'டிராக்டா' மூட்டை ஆக்கினர். ஒன்றினுள் ஒன்று வழுக்கும் இரு தடித்த துண்டுகளே அதன் உறுப்புக்கள். அமெரிக்காவில் அல்பிரெட் றெசெப்பா ஆறு உருக்குக் குண்டுகளைப் பள்ளங்களில் இட்டு, அவற்றை ஒரு கூட்டினால் நடுத்தளத்தில் நிறுத்தும் மூட்டை ஆக்கினார். குண்டுகளைக் கொண்ட 'வெயிஸ்' மூட்டும் அக்காலத்ததே. இரண்டாம் உலகப்போரின் ஜீப் வண்டிகளில் இம்மூன்று வகைகளும் பூட்டப்பட்டன. 1948 ஏப்பிரலில் அம்ஸ்ரடாமில் முதன்முதல் காட்டப்பட்ட லாண்ட் றோவர் தொடக்கத்தில் டிராக்டா மூட்டைக் கொண்டிருந்தது. 1950களில் அதற்கு ஊக்கின் மூட்டு இடப்பட்டது. 1970இல் வெளிவந்த றேஞ்ச் றோவரில் நான்கு சில்லு இழுவை நிரந்தரமானது. அங்கே சமவேக மூட்டு இன்றியமையாததாயிற்று. ரொயோட்டாவின் முழு அச்சு வண்டிகளில் உள்ள குண்டு மூட்டு 'பேர்பீல்ட்' என்னும் பெயரால் வழங்குகிறது. அதுவும் றெசெப்பாவின் வழிவந்ததே.

ஆகவே வண்டியை அறிய விரும்புவோன் முதலிற் கேட்கவேண்டிய வினா: இதன் முன்னச்சில் இருப்பது எம்மூட்டு? ஊக்கின் மூட்டுடைய வண்டியில் ஒடித்துத் திருப்பும்போது மெல்லிய துடிப்பு இருந்தால் அஞ்சவேண்டியதில்லை. சமவேக மூட்டுடைய வண்டியில் அதே துடிப்பு எழுந்தால் ஏதோ ஒன்று தேய்ந்துவிட்டது என்பது பொருள். ஒரே உணர்வு ஒரு வண்டியிற் சுகம், மற்றொன்றில் நோய்.

தார் வீதியிற் பாரம்

மணலிலிருந்து ஏறித் தார் வீதியிலே செல்லும் சாரதிகள் சிலர் நான்கு சில்லு இழுவையை விடுவிக்க மறந்துவிடுவர். சிறிது தூரத்தில் ஸ்டியரிங் கல்லாய்க் கனக்கும். "முன்னச்சு பிடித்துவிட்டது" என்பர். உண்மையில் முன்னச்சு குற்றமற்றது. வளைவிலே முன்சில்லுகள் பின்சில்லுகளைவிடப் பெரிய வட்டத்திற் செல்கின்றன. 88 அங்குல, அதாவது 2.235 மீற்றர், அச்சிடைத் தூரமுள்ள வண்டி, முன்னச்சின் நடுப்புள்ளி 6 மீற்றர் ஆரையில் ஒரு முழு வட்டம் இடுமாறு திரும்புகிறது என்று கொள்வோம். பைதகரசின் தேற்றப்படி பின்னச்சின் நடுப்புள்ளி ஏறக்குறைய 5.57 மீற்றர் ஆரையிற் செல்லும். முன்னச்சு கடப்பது 37.7 மீற்றர், பின்னச்சு கடப்பது 35 மீற்றர். வேறுபாடு 2.7 மீற்றர், ஒரு சில்லின் முழுச் சுற்றுக்கும் மேல்.

இரு அச்சுக்களையும் இடைப்பெட்டி இறுகப் பிணைத்திருக்கும் வண்டியில் இவ்வேறுபாடு போவதற்கு வழி இல்லை. மணலாயின் ரயர் வழுக்கி அதனைத் தீர்த்துவிடும். தாரிலோ ரயர் பற்றிக்கொள்ளும். வேறுபாடு முழுவதும் தண்டுகளிலே முறுக்காகச் சேரும். கயிற்றை இருமுனையும் பிடித்து முறுக்கியதுபோல் இயந்திரத்தொடர் முழுவதும் இறுகி நிற்கும். அந்நிலையில் நெம்புகோல் விடுபட மறுப்பதும் இதனாலேயே. அடித்தும் உதைத்தும் விடுவிக்க முயலாது, நேராகச் சிறிது தூரம் பின்னோக்கிச் செலுத்தினால் முறுக்குத் தளர்ந்து நெம்புகோல் தானே விடுபடும். இம்முறுக்கை மீண்டும் மீண்டும் ஏற்றவன் தன் முன்னச்சு மூட்டின் ஆயுளைத் தானே குறைத்துக்கொள்கிறான்.

கிங்பின்னும் உராய்வும்

சில்லு திரும்புவது கிங்பின் என்னும் நிலையச்சைச் சுற்றியாகும். முழு முன்னச்சு வண்டியில் இது ஒரே முளையாக இருப்பதில்லை; நடுவே மூட்டு சுழல இடம் வேண்டுமாதலால் மேலே ஒரு முளையும் கீழே ஒரு முளையுமாகப் பிரிந்திருக்கும். அவ்விரு முளைகளையும் இணைக்கும் கற்பனைக் கோட்டிலேயே மூட்டின் மையம் நிற்கவேண்டும். நில்லாவிடின் சில்லு திரும்புந்தோறும் தண்டு உள்ளும் வெளியும் இழுபட்டு மூட்டைத் தின்னும்.

இக்கற்பனைக் கோடு செங்குத்தாக நிற்பதில்லை. அதன் அடி சிறிது முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். சைக்கிளின் முன்கவையைப் பார்த்தவர் இதனை விளங்கிக்கொள்வர்; கையை எடுத்தாலும் ஓடுகின்ற சைக்கிள் நேரே செல்வதற்கு உதவும் ஏதுக்களுள் இச்சாய்வும் ஒன்று. பழைய லாண்ட் றோவரில் இச்சாய்வு 3 பாகை. முன்வில்தட்டுக்கள் தளர்ந்து போனாலோ, வில்லுக்கும் அச்சுக்கும் இடையே ஆப்புத்தகட்டை மாறி வைத்தாலோ, இச்சாய்வு குறைந்து வண்டி வழி தேடி அலையும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இக்கட்டுரையில் நாம் சொல்லவந்தவற்றுள் முதன்மையானதும் இதுவே. முளையின் இடையுள்ள உராய்வு ஒரு குறை என்றே பலரும் எண்ணுவர். அவ்வாறன்று. கனமான அச்சும் சில்லும் ஒரு கல்லிலே மோதியவுடன் கிங்பின்னைச் சுற்றி இடமும் வலமும் ஆடத் துடிக்கும். அவ்வாட்டத்தை அடக்குவதற்குச் சிறிதளவு உராய்வு வேண்டும். அதனாலேயே லாண்ட் றோவரின் மேல்முளைக்குப் பெயாரிங் இடாது, பிசின் ஊட்டிய துணியாலான 'றெயில்கோ' புஷ் ஒன்றைப் பிற்காலத்திற் பொருத்தினர். பெயாரிங் இட்டால் இலேசாகத் திரும்பும். ஆனால் ஆட்டத்தை விழுங்க ஒன்றும் இராது. ரொயோட்டாவின் வழி வேறு. மேலும் கீழும் பெயாரிங் இட்டு, அவற்றை அளவாக இறுக்கி, ஸ்டியரிங் கோலுக்குத் தனியே ஓர் அதிர்வுதணிப்பியும் பூட்டினர். வழி இரண்டாயினும் நோக்கம் ஒன்றே: உராய்வு குறைந்தால் சில்லு ஆடும், மிகுந்தால் சில்லு தானே நேருக்குத் திரும்பாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவு ஒன்று உண்டு. அதனை வண்டியின் கைநூல் எண்ணாலே குறித்திருக்கிறது.

அதனை அளக்கும் கருவி எது? மீன் நிறுக்கும் வில் தராசு போதும். ஒயில் சீலையும் இணைப்புக்கோலையும் கழற்றிய பின், ஸ்டியரிங் கரத்தின் நுனித்துளையிலே தராசின் கொக்கியை மாட்டி இழுத்து, அது அசையத் தொடங்கி ஓடுகையிற் காட்டும் நிறையைக் கைநூலோடு ஒப்பிடுக. மிகையாயின் மேல்முளையின் கீழ் மெல்லிய தகடு ஒன்றைச் சேர்க்க. குறையாயின் ஒன்றை எடுக்க. மெக்கானிக்குகள் இத்தகட்டைச் 'சிம்' என்பர். தாளின் தடிப்புள்ள இத்தகட்டிலே வண்டியின் நடத்தை தங்கியிருக்கிறது.

மணலும் உப்பும்

மூட்டைச் சுற்றி உருண்டையான உறை ஒன்று இருக்கும். அதன் பளபளப்பான முகத்தை ஒயில் சீல் ஒன்று துடைத்துக்கொண்டு திரும்பும். உள்ளே, வண்டிக்கேற்ப, எண்ணெயோ கிறீசோ இருக்கும். கொண்டச்சியிலே சோளகம் வீசும் மாதங்களில் நுண்மணல் இம்முகத்தில் ஒட்டுகிறது. சீல் திரும்புந்தோறும் அது அரத்தைப்போல் அராவுகிறது. உப்புநீர் பட்டால் முகத்திற் புள்ளிப்புள்ளியாகக் குழி விழும். குழியின் விளிம்பு சீலைக் கிழிக்கும். அப்பால் எண்ணெய் வெளியே போகும்; நீரும் மணலும் உள்ளே வரும். மாரியிலே வெள்ளத்தைக் கடந்த வண்டியின் உறை எண்ணெயை இறக்கிப் பார்த்தால் சிலவேளை பாற்றேநீர்போல் இருக்கும். அந்நீரோடு மேலும் சில வாரம் ஓடிய மூட்டுக்கு மீட்சி இல்லை.

ஆகவே கடனீரிலோ வெள்ளத்திலோ இறங்கிய நாளன்றே உருண்டை முகத்தை நன்னீராற் கழுவித் துடைத்து எண்ணெய் பூசுதலும், சில நாட்களுள் உறையின் அடித்தக்கையைத் திறந்து பார்த்தலும் செய்யத்தக்கன. செலவு ஒரு கந்தையும் சிறிது நேரமும். செய்யாமையின் செலவோ ஒரு புதிய மூட்டு.

இன்னொன்றும் கூறவேண்டும். மணலிலே புதையாதிருக்க அகன்ற ரயரும், வெளியே தள்ளி நிற்கும் சில்லும் பூட்டுவோர் உளர். மணலில் அவை உதவுகின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் கிங்பின்னின் கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் ரயரின் நடுவுக்கும் உள்ள தூரம் அதனாற் கூடுகிறது. தூரம் கூடியவளவு நெம்பும் கூடும். ஒரு சில்லு மணலிலும் மறு சில்லு தாரிலும் ஓடும் வேளையில் அந்நெம்பு வளையத்தைக் கையிலிருந்து பறிக்கப் பார்க்கும். பெருவிரலை வளையத்தின் உள்ளே கொடுத்துப் பிடியாதே என்று பழைய சாரதிகள் சொல்லிவைத்தது இதனால்தான்.

எமக்கு நேர்ந்தது

இவற்றை நாம் நூலிலிருந்து மட்டும் அறிந்தோமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய நான்கு சில்லு இழுவை வண்டியில் மறிச்சுக்கட்டிப் பக்கம் போகவேண்டியிருந்தது. அவ்வண்டி மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தை அணுகும்போது முன்சில்லுகள் இடமும் வலமும் உதறத் தொடங்கும். ஒரு கராஜிலே விட்டோம். மறுநாள் போனபோது மெக்கானிக், "ஐயா, இனி ஆடாது, நல்லா இறுக்கியாச்சு" என்றார். ஓட்டிப் பார்த்தோம், ஆடவில்லை. வளையம் கனத்திருந்தது. அதனைப் புதுமையின் இறுக்கம் என்று எண்ணி மகிழ்ந்தோம். எமது அறியாமை அத்தகையது.

சிலாவத்துறையைக் கடந்தபின் வீதி சிறிது வளையும் ஓரிடத்தில் வண்டியைத் திருப்பினோம். வளைவு முடிந்தது, வளையம் திரும்பிவரவில்லை. வழக்கமாகத் தானே நேராகும் வண்டி, திருப்பிய பக்கமே போய்க்கொண்டிருந்தது. கை அதனை உணர்ந்து இழுப்பதற்குள் முன்சில்லு வீதியோரக் கிரவலில் இறங்கிவிட்டது. அங்கே ஒரு சிறுவன் சைக்கிளோடு நின்றான். வண்டி அவனுக்கு ஒரு முழம் இப்பால் நின்றது. அவன் ஒன்றும் பேசவில்லை. எம்மைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். நாமோ நெடுநேரம் வளையத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

பின்னர் வேறொருவர் வண்டியைப் பிரித்துப் பார்த்தார். மேல்முளையின் சிம்களைப் பெரும்பாலும் எடுத்து, பெயாரிங்கை நெரித்து இறுக்கியிருந்தார்கள். உதறலுக்கு மூலகாரணம் அங்கே இல்லை; இணைப்புக்கோலின் நுனியிலுள்ள குண்டுமூட்டு தேய்ந்து தளர்ந்திருந்தது. தளர்ச்சி ஓரிடத்தில் இருக்க, இறுக்கியது மற்றோரிடத்தை. ஆட்டம் நின்றது உண்மை. காய்ச்சற்காரனைப் போர்வையால் மூடினால் நடுக்கம் மறைவதுபோல் நின்றது. எமக்குச் செய்தி சொல்லவந்த உதறலின் வாயை அடைத்துவிட்டு, நோய் தீர்ந்தது என்று புறப்பட்டோம்.

கை சொல்லும் குறிகள்

இனி, அனுபவமும் நூலும் ஒப்பும் சில குறிகளைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, பாரம். எப்போதும் பாரமாயின் ரயரின் காற்றை முதலிற் பார்க்க. மணலுக்காகக் காற்றைக் குறைத்தவர் தாருக்கு ஏறியபின் நிரப்ப மறப்பதே பெரும்பாலும் காரணம். பின்னர் ஸ்டியரிங் பெட்டியின் எண்ணெய், அதன்பின் முளை. இழுவையை இணைத்தபோது மட்டும் பாரமாயின் அது மேலே கூறிய முறுக்கு.

இரண்டாவது, திரும்பிவராமை. இது மிகக் கொடியது. ஏனெனில் நேரே ஓடும்வரை தெரியாது. முளை மிகை இறுக்கம், வறண்ட குண்டுமூட்டு, சாய்வு கெடுதல் ஆகியவற்றுள் ஒன்று காரணமாகும்.

மூன்றாவது, உதறல். சில்லின் சமநிலை, குண்டுமூட்டுக்கள், சில்லுப் பெயாரிங், வில்லின் புஷ்கள், முளை என்ற வரிசையில் எல்லாவற்றையும் பார்த்த பின்னரே இறுக்கத் துணிக. முன்சில்லை உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்க. ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசைக்க. ஆட்டம் நின்றால் குற்றம் சில்லுப் பெயாரிங்கில், நில்லாவிடின் முளையில். இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆட்டம் தோன்றினால் குற்றம் இணைப்புக்கோல்களின் பக்கம்.

நான்காவது, ஓசை. சமவேக மூட்டுடைய வண்டியை முற்றாக ஒடித்து, இழுவையோடு மெல்லச் செலுத்தும்போது 'டக் டக்' எனச் சில்லோடு ஒத்து ஓசை எழுந்தால் குண்டுகள் ஓடும் பள்ளம் தேய்ந்துவிட்டது. அம்மூட்டு மணலில் முழுப்பாரத்தோடு ஒடித்து ஏறும் நாளிலேயே உடையும். நடுக்காட்டில் நிற்பதிலும் கராஜில் நிற்பது நன்று.

பழைய லாண்ட் றோவர் வைத்திருப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. சட்டகத்தின் முன்குழாயினுள் ஸ்டியரிங் இடைக்கருவி ஒன்று உண்டு. அதனுள் வலிய சுருள்வில் ஒடுங்கியிருக்கிறது. அதுவும் ஆட்டத்தைத் தணிக்க வைத்ததே. உரிய காப்பின்றி அதனைப் பிரிப்பவர் முகத்திலும் கையிலும் வில் பாயும்.

இக்காலத்து வண்டிகளில் நிலைமை மாறியிருக்கிறது. முழு முன்னச்சு அருகி, தனித்தனியே அசையும் முன்சில்லுகளும் சமவேக மூட்டும் பெருகின. நீர்ம அழுத்தத்தாலோ மின்சாரத்தாலோ ஸ்டியரிங்குக்கு உதவி கிடைக்கிறது. சிறு விரலால் வண்டி திரும்புகிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால் அவ்வுதவி பாரத்தை மறைப்பதுபோலவே செய்தியையும் மறைக்கிறது. முளை இறுகினாலும் கைக்குத் தெரியாது. பம்பியே அப்பாரத்தைச் சுமக்கும். எனவே புதிய வண்டியின் சொந்தக்காரர் கையை நம்பியிராது, காலந்தோறும் கண்ணாற் பார்த்தே அறியவேண்டும்.

கொண்டச்சியின் வாடியிலிருந்து விடியற்காலையில் மீன் ஏற்றிப் புறப்படும் வண்டியிலே சிலவேளை பிரசவ வேதனையோடு ஒரு தாயும் இருக்கக்கூடும். மன்னார் வைத்தியசாலை அண்மையில் இல்லை. அவ்வழியில் ஒரு சிம் தகட்டின் அளவு மனித உயிரின் அளவாகிவிடுகிறது. அத்தகட்டை அளந்து வைப்பவன் படித்தவனா படியாதவனா என்று யாரும் கேட்பதில்லை. அளந்தானா, கண்மதிப்பாக விட்டானா என்பதே கேள்வி.

எமது கல்லூரியின் மாணவருக்கு நாம் கூறவிரும்புவது இவ்வளவே. வகுப்பறையில் எழுதிய கோசைன் முன்னச்சின் மூட்டிலே சுழன்றுகொண்டிருக்கிறது. பைதகரசு தார் வீதியின் வளைவிலே நிற்கிறார். கராஜிலே எண்ணெய்க் கையோடு நிற்பவருக்கு அப்பெயர்கள் தெரியாதிருக்கலாம். அவர் கை அறிந்தது நமக்குத் தெரியாதிருக்கலாம். இருவரும் ஒருவரையொருவர் கேட்கும் பழக்கம் வேண்டும். ஒரு வண்டி உதறினால் அதனை அடக்குமுன், எதற்காக உதறுகிறது என்று கேளுங்கள். அன்று அவ்வீதியோரம் நின்ற சிறுவனின் பார்வை எமக்குக் கற்பித்த பாடம் அதுவே.